ஐந்தாம் படிக் கவலை

உலக நாடுகள் அனைத்தைப் பற்றியும் நாள் தவறாமல் எழுதி வந்த செய்தியாளர் ஒருவர் ஒரு நாளிதழில் பணியாற்றி வந்தார். வெளிநாட்டு விவகாரச் சிறப்புச் செய்தியாளர் என்பது அவர் பதவியின் முழு நீளம். அவ்வளவு நீளத்துக்கு மூச்சு விட அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லாததால் 'உலகம் சார்' என்றே கூப்பிட்டார்கள். "உலகம் சாருக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல, லீவு" என்று யாராவது சொன்னால் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு நிமிஷம் முழிப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

உலகம் சார் வெளிநாடு போனதில்லை. அதை யாராவது ஒரு குறையாகச் சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "வானிலைச் செய்தி எழுதறவரு மேகத்து மேல ஏறி உக்காந்தா எழுதறாரு?" என்று கேட்பார். அவருடைய மேஜை லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரைப் பார்த்தபடியே இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்பது போர்களையும், நாலு ஆட்சிக் கவிழ்ப்புகளையும், கணக்கில்லாத உச்சி மாநாடுகளையும் அவர் நல்லபடியாக நடத்தி முடித்திருந்தார்.

இதெல்லாம் எப்படி முடிந்தது என்றால், தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஓர் அறிக்கை வரும். அதை வரி பிசகாமல் எடுத்துப் போடுவதுதான் அவர் தொழில். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அமைச்சகத்தின் கவலைக்கு ஐந்து படிகள் உண்டு என்பதும், ஒரு படி தவறினால் என்ன ஆகும் என்பதும் விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

'நிலைமையைக் கவனித்து வருகிறோம்' என்பது முதல் படி. அப்போது யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. 'உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்' என்றால் ஒரு கோப்பு திறக்கப்படும். 'கவலை' என்றால் அந்தக் கோப்புக்கு எண் தரப்படும். 'ஆழ்ந்த கவலை' என்றால் உதவிக்கு ஒரு தொலைபேசி எண் அறிவிப்பார்கள். அது எந்நேரமும் ஓய்வில்லாமல் உபயோகத்தில் இருக்கும். 'மிக ஆழ்ந்த கவலை' என்ற ஐந்தாம் படிக்கு ஏறிவிட்டால், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் விமானம் அனுப்பி நம் மக்களைக் கூட்டி வர வேண்டும். ஆறாம் படி கிடையாது. அதற்கு மேல் கவலைப்பட அரசுக்கு அதிகாரம் இல்லை.

ஒருமுறை தலைப்பில் இடம் போதவில்லை என்று யாரோ 'ஆழ்ந்த' என்பதை வெட்டிவிட்டார்கள். மறுநாளே ஒரு நாடு கோபித்துக்கொண்டு தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. உலகம் சார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதிலிருந்து அவருடைய செய்தியில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. பிற்பாடு உலக அரசியல் பேசுவது ஒரு நாகரிகமாகி, முடிவெட்டும் கடையில்கூட வல்லரசுகளின் உள்நோக்கத்தை அலச ஆரம்பித்தபோது, தொலைக்காட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். மேலே கோட்டும் கீழே பைஜாமாவுமாக வீட்டில் உட்கார்ந்தபடியே அவர் வெளியுறவு நிபுணரும் ஆனார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். நர்ஸுக்குப் படித்துவிட்டு, அப்பா பிழையில்லாமல் பெயர் எழுதக்கூடிய தூர தேசம் ஒன்றில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, இங்க நிலைமை சரியில்லப்பா. காலையிலேர்ந்து துப்பாக்கிச் சத்தம். ஆஸ்பத்திரி வாசல்ல ராணுவ வண்டி நிக்குது."

"அப்படியா? எனக்கு அப்படி ஒண்ணும் தகவல் வரலையேம்மா."

"நான்தான் சொல்றேனேப்பா."

"இரு, இரு. இன்னைக்கு அறிக்கையில 'கவனித்து வருகிறோம்'னுதான் இருக்கு. 'உன்னிப்பாக'கூட இல்ல. முதல் படியில துப்பாக்கி சுட வாய்ப்பே இல்லம்மா. ஏதாவது டயர் வெடிச்சிருக்கும்."

"ரெண்டு மணி நேரமா எத்தனை டயர்ப்பா வெடிக்கும்?"

அவர் மனைவி போனைப் பிடுங்கினார். "பெத்த பொண்ணு கண்ணால பாத்ததச் சொல்றா. நீங்க காகிதத்தப் பாத்து எதிர்ப்பேச்சுப் பேசறீங்க. உங்களுக்கு இருக்கா இல்லையா?" என்றார். என்ன இருக்கா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. உலகம் சாரும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மகள் திரும்பவும் கூப்பிட்டாள். அறுபது படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் நூற்று நாற்பது பேர் கிடக்கிறார்கள், கட்டிலுக்கு அடியில்கூடப் படுக்க வைத்திருக்கிறோம், நேற்று பக்கத்துத் தெருவில் ஒரு குண்டு, என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "அப்பா, நீங்க யாருகிட்டயாவது சொல்லி எங்கள..." என்றாள். அத்தோடு இணைப்பு அறுந்தது. அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டாலும் அந்த எண் கிடைக்கவில்லை. அந்த நாட்டின் எந்த எண்ணும் கிடைக்கவில்லை. உலகம் சாருக்கு உலகத்தைப் பார்த்துப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

நேராக அமைச்சகத்துக்குப் போனார். செய்தித் தொடர்பாளர் அவருக்குப் பழக்கமானவர், தங்கமான மனிதர். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லி யார் மனத்தையும் அவர் புண்படுத்தியதில்லை.

"சார், தயவுசெஞ்சு ஒரு மூணாம் படிக்காவது ஏத்துங்க. என் பொண்ணு அங்க மாட்டிக்கிட்டிருக்கா."

"ஏத்தறதப் பத்தி ஒண்ணுமில்ல சார். ஏத்தறதுக்குத் தகவல் வேணுமே."

"அங்க நம்ம தூதரகம் இருக்கே?"

"இருக்கே. நேத்தே கேட்டோம். பேப்பர் வந்ததும் பாத்துச் சொல்றோம்னாங்க."

"எந்தப் பேப்பர்?"

"உங்க பேப்பர்தான். பாதுகாப்பு காரணமா அவங்க வெளிய போறதில்ல. அந்த நாட்டப் பத்தி உங்க பேப்பர்லதான் நம்பகமா வருதுன்னு வரவழைச்சுப் படிக்கிறாங்க."

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினார். இருபத்திரண்டு வருஷத்து நறுக்குகள். அத்தனையும் உலகம் சார் எழுதியவை, தேதிவாரியாக ஒட்டியிருந்தன. அந்த நிலைமையிலும் அவருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் முதல் நறுக்கின் மேல் விரலை வைத்தார்.

"சார், இதெல்லாம் நீங்க சொல்லி நான் எழுதினதுதானே?"

"சார், நாங்க சொன்னதெல்லாம் இதைப் பாத்துச் சொன்னதுதானே?"

பிறகு செய்தித் தொடர்பாளர் டீ வரவழைத்தார்.

"உங்க பொண்ணு சொன்னத நீங்க பேப்பர்ல போடுங்க. மறுநாளே ஏத்திடறேன்" என்று வழியும் சொன்னார்.

உலகம் சார் ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்கு வந்து ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சம்பந்தப்பட்டவங்க சொல்றதச் செய்தியாப் போட முடியாதே. நம்ம கொள்கை உங்களுக்குத் தெரியாததா?"

"சம்பந்தப்படாதவங்களுக்கு அங்க நடக்கறது எப்படி சார் தெரியும்?"

"அதுக்குத்தானே அமைச்சகம் இருக்கு. அவங்க சொல்லட்டும், முதல் பக்கத்துல போட்டுடறேன்."

நாலு மணிக்கு அறிக்கை வந்தது. 'அந்நாட்டின் நிலைமையை அரசு கவனித்து வருகிறது.' உலகம் சார் அதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். 'அரசு' வரைக்கும் வழக்கம்போல் வந்தது. அங்கே விரல் நின்றுவிட்டது. மகளின் குரல் அறுந்த இடம் காதிலேயே இருந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்தாத அந்த மனிதர், 'மிக ஆழ்ந்த கவலையுடன் நோக்குகிறது' என்று அடித்து அனுப்பிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் படிக்கட்டு வழியாக இறங்கி வீட்டுக்குப் போனார். செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று பயமாக இருந்தது. மகள் வந்து சேர்ந்தால் போதும், வேலை போனாலும் போகட்டும் என்றும் இருந்தது.

காலையில் அமைச்சகத்தில் செய்தித் தொடர்பாளர் நாளிதழைப் பார்த்தார். தன்னிடமிருந்த அறிக்கையின் நகலையும் பார்த்தார். ரெண்டும் ஒத்துப்போகவில்லை. அவர் நிதானமாக யோசித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நாளிதழ் ஒரு சொல்லும் தவறியதில்லை. ஆகவே நகல்தான் தப்பாக இருக்க வேண்டும். பேனாவை எடுத்து நகலைத் திருத்திச் சுருக்கொப்பமும் போட்டார். மேலதிகாரி மட்டும் கொஞ்சம் குழம்பினார்.

"நான் இவ்வளவு கவலையா இருக்கேன்னு எனக்கு ஏன்யா யாரும் சொல்லல?"

"நேத்தே கவலைப்பட்டுட்டீங்க சார். பேப்பர்லயே வந்திருச்சு."

ஐந்தாம் படி என்பதால் விமானம் கிளம்பியது. கிளம்பும் முன்பே, இருக்கை ஒதுக்குவதற்காக, தூதரகப் பதிவேட்டிலிருந்த நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரையும் 'மீட்கப்பட்டோர் பட்டியல்' என்று தட்டச்சு செய்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் விமானம் திரும்பி வந்தது. உலகம் சாரும் மனைவியும் காலையிலிருந்தே விமான நிலையத்தில் நின்றிருந்தார்கள். முதலில் தூதர் இறங்கினார். பிறகு தூதரின் மனைவி, அவர்களுடைய நாய், தூதரகத்து அதிகாரிகள், குடும்பங்கள், ரெண்டு சலவை இயந்திரங்கள். அமைச்சர் ஒவ்வொருவருக்கும் பூங்கொத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. விமானத்தின் கதவை மூடினார்கள்.

"எங்க பொண்ணு எங்க சார்?"

செய்தித் தொடர்பாளர் பட்டியலைப் பிரித்து விரலை ஓட்டி நாற்பத்தேழாவது பெயரைக் காட்டினார். பக்கத்தில் பச்சை மையில் ஒரு குறி இருந்தது.

"வந்துட்டாங்களே சார்."

"எங்க வந்திருக்கா?"

"இதோ, பட்டியல்ல."

"ஆளு எங்கய்யா?" என்று உலகம் சாரின் மனைவி முன்னால் வந்தார். "பெத்தவ நான் இங்க நிக்கிறேன், எங்கிட்ட பச்சை மையக் காட்டறீங்க?"

"அம்மா, நான் சொல்றத அமைதியாக் கேளுங்க. பட்டியல்ல இருக்கறவங்க எல்லாரும் மீட்கப்பட்டவங்க. பட்டியல்ல இல்லாதவங்க அந்த நாட்டுல இல்லவே இல்ல. ஆக, அங்க இப்ப நம்ம ஆளுங்க யாரும் இல்ல. அப்புறம் எதுக்குக் கவலைப்படறீங்க?"

விமானம் வருகிறது என்று தூதரகத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாளிதழ் அங்கே போய்ச் சேர ரெண்டு நாள் ஆகும். விமானம் திரும்பிய அன்று நாலு மணி அறிக்கையில் 'நூற்றுப் பன்னிரண்டு பேரும் பத்திரமாக மீட்பு' என்று இருந்தது. உலகம் சார் அதை வரி பிசகாமல் எடுத்துப் போட்டார். எழுதினால் ஒருவேளை உண்மையாகிவிடும் என்று ஒரு நப்பாசை. அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மகள் தானாகவே வந்து வாசலில் நின்றாள். யாருடையதோ ஒரு ஆம்பளை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ரெண்டு காலும் வீங்கியிருந்தன. அம்மா கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உலகம் சார் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார், தோளைத் தொட்டுப் பார்த்தார், பிறகு சுவரோரமாகத் திரும்பி நின்று அழுதார்.

"ப்ளேன்ல வரலையாம்மா?"

"எந்த ப்ளேன்ப்பா?"

நிறைமாதப் பெண் ஒருத்தியை எல்லை வரைக்கும் ஆம்புலன்சில் கொண்டுபோக வேண்டியிருந்ததாம். கூட ஒரு நர்ஸ் போகலாம் என்றார்கள். யார் போவது என்று அங்கிருந்த நம் நாட்டு நர்ஸுகள் பன்னிரண்டு பேரும் சீட்டுக் குலுக்கினார்களாம். "என் பேரு வந்துச்சுப்பா. வந்திருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். ஆனா வந்ததும் சந்தோஷமாவும் இருந்துச்சு" என்று சொல்லும்போது அவளால் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லையிலிருந்து மூணு பஸ் மாறி, ஒரு துறைமுகத்துக்கு வந்து, கப்பல் பிடித்து, இப்படி. "அந்த ஊர்ல இருந்த நம்ம ஆளுங்கள்ல மிச்சப் பேரெல்லாம் எப்படியோ தப்பிச்சுப் போயிட்டாங்க. எங்க ஆஸ்பத்திரிக்காரங்க பதினொரு பேரு மட்டும் வார்டை விட்டுட்டு வர முடியாம அங்கேயே இருக்காங்கப்பா. நீங்க எழுதுங்க. எழுதினா யாராவது போவாங்க."

சத்தம் கேட்டு எதிர்வீட்டம்மா வந்தார். "ப்ளேன்ல சொகுசாக் கூட்டிட்டு வந்தாங்களாமே?" என்றார்.

"ப்ளேன்ல வரல ஆன்ட்டி. பஸ்ல வந்தேன்."

"பேப்பர்ல ப்ளேன்னுதானே போட்டிருந்துச்சு? அலைச்சல்ல உனக்கு ஞாபகம் இருந்திருக்காது. பாவம், போய்த் தூங்கு."

உலகம் சார் குளிக்காமல் சாப்பிடாமல் அமைச்சகத்துக்கு ஓடினார். இந்தமுறை எதையும் மறைக்கவில்லை.

"சார், அந்த 'மிக ஆழ்ந்த' நீங்க சொன்னதில்ல. நானாப் போட்டது. நான் போட்டதாலதான் ப்ளேன் போச்சு, போனதாலதான் எல்லாரும் வந்தாச்சுன்னு ஆயிடுச்சு. பதினொரு பேரு இன்னும் அங்க இருக்காங்க. என்னைய என்ன வேணாப் பண்ணுங்க, இன்னொரு தடவை அனுப்புங்க."

செய்தித் தொடர்பாளர் அவர் தோளில் கை வைத்தார். "உங்களுக்கு ஓய்வு வேணும் சார். நீங்க போட்டதா இருக்கவே முடியாது. எங்க நகல்லயே இருக்கே, என் கையெழுத்துல."

ஆசிரியரும் அன்பாகத்தான் பேசினார். "மீட்டவங்களத் திரும்ப மீட்டா, முதல் தடவை மீட்கலைன்னு ஆயிடுமே. அதுவும் உங்க பேர்லயே வந்த செய்தி. நம்பகத்தன்மை என்ன ஆகும்?" உலகம் சார் எழுதிக்கொண்டு போயிருந்த நாலு பக்கத்தையும் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் கண் கலங்கியது. "ரொம்ப நல்லா வந்திருக்கு. வீணாக்க மனசில்ல. ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை இணைப்புல சிறுகதைக்கு ரெண்டு பக்கம் காலியா இருக்கு. அங்க யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்க. ஊர் பேரு, ஆள் பேரு மட்டும் எடுத்துடுங்க."

"கதைன்னு போட்டா யாரு சார் நம்புவாங்க?"

"செய்தின்னு போட்டாத்தான் நம்ப மாட்டாங்க. கதைன்னா ஜனங்க மனசு விட்டுப் படிப்பாங்க. யாராவது ஒருத்தர் மனசுல தைக்கும், பாருங்களேன்."

வேறு வழி தெரியாமல் உலகம் சார் பெயர்களை எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, முழு வண்ணப் படத்தோடு.

இருபத்திரண்டு வருஷத்து உலகச் செய்திகளுக்கு ஒரு வாசகர் கடிதம்கூட வந்ததில்லை. இதற்கு முந்நூற்று நாற்பது வந்தன. 'கற்பனைதான் என்றாலும் கண்ணீரை அடக்க முடியவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நம் அமைச்சகத்தைச் சற்று மிகைப்படுத்தியுள்ளார், ஆனாலும் சிரித்து மாளவில்லை' என்று இன்னொருவர். ஒரு கல்லூரியில் நாடகமாகப் போட அனுமதி கேட்டார்கள். செய்தித் தொடர்பாளரே வீட்டுக்குப் போன் செய்து, குடும்பத்தோடு படித்ததாகவும், அதில் வரும் செய்தித் தொடர்பாளர் பாத்திரம் ரொம்ப நல்லவராக அமைந்துவிட்டதாகவும் சொன்னார். அந்தப் பதினொரு பேர் எங்கே என்று கேட்டு மட்டும் ஒரு கடிதமும் இல்லை. உலகம் சார் முந்நூற்று நாற்பதையும் ரெண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டார்.

அதற்கு மறுவாரம் அந்த நாட்டில் தொலைபேசி இணைப்புத் திரும்பியது. முதல் அழைப்பே இங்கேதான் வந்தது. மகள் குளித்துக்கொண்டிருந்ததால் உலகம் சார் எடுத்தார். ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் பேசினார். களைத்த குரல், ஆனால் மரியாதை குறையாத குரல்.

"சார், உங்க கதை இங்க வந்துச்சு. தூதரகத்துல மிச்சமிருக்கற எழுத்தர் கொண்டுவந்து கொடுத்தாரு. எங்களத் திரும்பக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா, நீங்கதான் ஏற்கெனவே போயிட்டீங்களேன்னு சொல்லுவாரு. அன்னைக்கு மட்டும் பேப்பரக் கையில கொடுத்துட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு. நாங்க மாத்தி மாத்திப் படிச்சோம்."

"அம்மா, நான் வந்து..."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். எங்கள நேர்ல பாத்த மாதிரியே இருக்கு. ஒரே ஒரு எடத்துலதான் தப்பு வந்திருக்கு, அதான் சொல்லலாம்னு கூப்பிட்டேன். பதினொரு பேருன்னு போட்டிருக்கீங்க. போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து நாங்க ஒன்பது பேருதான் சார். பேப்பர்ல திருத்திப் போடச் சொல்வீங்களா?"

மகள் ஈரத் தலையோடு வந்து, "யாருப்பா? அங்கேர்ந்தா?" என்று போனுக்குக் கை நீட்டினாள். உலகம் சார் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். கதைகளுக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் அவர்கள் நாளிதழில் கிடையாது.